பித்தளைக் கண்ணும் வெள்ளிக்கிழமை முடியும்

ஷூவில் கயிறு நுழைகிற ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன வளையம் இருக்கும். அதன் பெயர் ஐலெட். ஷூ போடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கயிறு அறுந்தால் கயிற்றைத்தான் திட்டுவார்கள். நான் அந்த வளையத்தைப் பதினொரு மாதம் செய்தேன். ஒரே வேலையில் நான் அதிகம் தங்கியது அங்கேதான். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, கயிறு கட்டுகிற ஷூ எதையும் நான் போட்டதில்லை.

எண்பதுகள் முடிகிற நேரம். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன் நான். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று ஏதேதோ செய்துவிட்டு, இருபத்து நாலு வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஷெட் திறந்திருந்தது. தண்ணீர் கேட்க உள்ளே போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"பெடல் மிதிப்பியா?"

"மிதிப்பேன்."

தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

பித்தளைத் தகடு நாடா மாதிரி சுருளாக வரும். அதை பிரஸ்ஸுக்குள் தள்ளிக் காலால் மிதித்தால், ஒரு மிதிக்கு ஒரு வளையம் விழும். விழுந்த வளையங்களை மரத்தூளோடு ஒரு டிரம்மில் போட்டுச் சுற்றவிடுவார்கள். தூளில் உருண்டு உருண்டு எண்ணெய்ப் பிசுக்கு போய், ஓரம் மழுங்கி, பளபளவென்று வெளியே வரும். ஆவடிப் பக்கத்தில் பூட்ஸ் தைக்கிற ஒரு கம்பெனிக்குப் பெட்டி பெட்டியாக அனுப்புவோம்.

அந்த ஷெட்டில் நான் முழுசாக விழித்திருந்த நேரம் குறைவு. தூங்கினேன் என்று சொல்லவில்லை. கால் அதுபாட்டுக்கு மிதிக்கும். கை தகட்டைத் தள்ளும். மிச்சமிருக்கிற ஆள் எங்கேயாவது போய்விடுவான். கூரை ஆஸ்பெஸ்டாஸில் பழைய ஆணி ஓட்டைகள் நிறைய இருந்தன. வெயில் அந்த ஓட்டைகள் வழியாக வட்ட வட்டமாகத் தரையில் விழும். காலையில் அந்த வட்டங்கள் சுவரோரம் இருக்கும். மத்தியானம் என் பிரஸ்ஸுக்கு அடியில் வரும். நான் மிதித்த வளையம் எது, வெயில் போட்ட வளையம் எது என்று சில சமயம் தெரியாது. குனிந்து எடுக்கப் போய் வெறும் சிமெண்டைத் தடவியிருக்கிறேன்.

வட்டங்கள் எதிர்ச் சுவருக்குப் போகும்போது, வளையங்களைச் சரிபார்க்கிற செக்கர் அக்காவின் மேஜையைத் தொடும்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். அவள் என்னை 'இன்னாய்யா' என்பாள். முன்பு மோட்டார் பிரஸ்ஸில் வேலை செய்தவள். அது அவளுடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாதியோடு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் அவளால் செய்ய முடிந்த வேலை ஒன்றுதான், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவளுடைய புருஷன் மஞ்சள் காமாலையில் படுத்து ஒரு வருஷமாகியிருந்தது. அந்த நாற்காலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அவள் பார்க்கிற முறை இது. தகட்டில் ஓட்டை விழும்போது உள் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். கயிறு அதில் உரசி உரசி ஒரு மாதத்தில் அறுந்துவிடும். பிசிறு இருக்கிறதா என்று பார்க்க அங்கே கருவி எதுவும் இல்லை. அவளுடைய தலைமுடிதான் கருவி. ஒற்றை முடியை வளையத்துக்குள் விட்டு மெதுவாக இழுப்பாள். தடுக்காமல் வந்தால் நல்லது. எங்கேயாவது ஒரு மயிரிழை நின்றால் அந்தப் பெட்டி திரும்ப டிரம்முக்குப் போகும். ஒரு பெட்டிக்கு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பாள். பார்த்த பெட்டியில் அவளுடைய ரப்பர் சீலைக் குத்துவாள்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரை முடி. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவாள். சீயக்காய் தேய்த்துக் குளித்த தலையை விரித்துப் போட்டபடி பின்வாசலில் குந்தி, வெயிலில் காயவைப்பாள். மரச் சீப்பில் வருகிற முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரத்தில் வெட்டு விழுந்த ஓர் அட்டையில் சுற்றிக்கொள்வாள். அந்த வாரம் முழுக்க அந்த அட்டைதான். நான் பெடலை மிதித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். ஈரத் தலையிலிருந்து ஆவி எழும். பித்தளைத் தூள் வெயிலில் மிதக்கும். அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கறுப்பு ஆறாக எனக்குத் தோன்றும். நான் அதன் கரையில் நடந்து எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன்.

பேக்கிங் பார்க்கிற அம்மாள் கத்துவாள். "ஏண்டி, உன் தல சொட்டையாச்சின்னா கம்பெனிய மூடிடுவாங்களா?"

"மூட மாட்டாங்க. உன் தலைய ஒடச்சி உள்ள இன்னா கீதுன்னு பாப்பாங்க."

புருஷனுக்கு உடம்பு தேறியது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது. அப்போதுதான் அவள் வேண்டுதலைச் சொன்னாள். அவன் பிழைத்தால் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொள்வதாக நேர்ந்திருந்தாள்.

முதலாளி இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மொட்டைன்னா முழு மொட்டையா? பூ முடி குடுத்தா போதாதா? மூணு கத்திரி போட்டா ஆச்சி."

"முழு முடின்னு நேந்துகினேன் முதலாளி. இப்ப போயி கொறச்சிக் குடுத்தா நல்லா கீதா?"

"சாமிக்கு நல்லா கீதோ இல்லியோ, எனுக்கு செக்கிங் யாரு பாக்கறது?"

"அட்டைல சுத்தி வச்சிட்டுதான் போவேன். நான் வந்து மூணு வாரம் அதுலயே ஓட்டிடுவேன், அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த வெள்ளிக்கிழமை மரச் சீப்பு வெகுநேரம் ஓடியது. நாலு அட்டை நிறையச் சுற்றினாள். மூன்றை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். ஒன்றையும் சீலையும் என்னிடம் கொடுத்தாள். சீலை முதலாளியிடம்தான் கொடுத்திருக்க வேண்டும். அவரிடம் கொடுத்தால், அவள் இல்லாத சனி, திங்கள், செவ்வாய் மூன்று நாளில் வேறொருத்தியை உட்காரவைத்துவிடுவாரோ என்று அவளுக்கு பயம். நான் எங்கேயும் நிலைத்து நிற்காதவன். என்னால் அந்த நாற்காலிக்கு ஆபத்து இல்லை.

"இந்த அட்டைல கீற முடிய மட்டும் தொடு. வேற யாரு முடியும் வாணாம். புரிதா?"

"புரிது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆவடியிலிருந்து ரயில் ஏறிப் போனாள். முதலாளி அந்த நாட்களில் தகடு வாங்க வெளியே அலைந்துகொண்டிருந்தார், அவளுடைய மேஜையில் யார் உட்கார்ந்தது என்று பார்க்கவில்லை. என் கைவிரல்கள் மண்ணெண்ணெயிலும் பித்தளையிலும் வெடித்துப் போனவை. அந்த முடிகள் என் விரலில் சிக்கி அறுந்துகொண்டே இருந்தன. இரண்டாம் நாள் சாயந்திரம் அட்டை காலி. டிராயர் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பேக்கிங் அம்மாளிடம் போய் நின்றேன்.

"ஒரு நாலு முடி குடும்மா."

"நாலு இன்னாத்துக்கு? தலையையே எடுத்துக்கோ. வலி நிக்காம கீது."

பின்னலின் நுனியிலிருந்து உருவிக் கொடுத்தாள். அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, மேலே கனகாம்பரம் சூடியிருந்தாள். முடி கறுப்பாகப் பளபளத்தது. வளையத்துக்குள் விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் தண்ணீரில் விரல் விடுகிற மாதிரி வந்தது. எனக்குக் கைப்பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நாள் முழுக்க மேஜையின் மேல் வெயில் வட்டங்கள் நகர நகர, பித்தளைக் கண்கள் வழியாகக் கறுப்பு முடி போய்க்கொண்டே இருந்தது. பெட்டி பெட்டியாக சீல் குத்தினேன். அத்தனை சுகமாக நான் ஒரு வேலையைச் செய்ததே இல்லை.

அன்றைக்குப் பார்த்து பிரஸ்ஸில் தகட்டை ஓட்டை போடுகிற பஞ்ச்சின் முனை மழுங்கி, பிசிறு விட்டுக்கொண்டிருந்தது. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியது முடிதான்.

அக்கா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரம் போனது. தலையில் எள் தூவின மாதிரி முடி அரும்பத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூட்ஸ் கம்பெனி வண்டி வந்து அந்த மூன்று நாள் பெட்டிகளையும் இறக்கிவிட்டுப் போனது. கூடவே கட்டிப் பார்த்த கயிறுகள். நூல் நூலாகப் பிரிந்து, எலி கடித்த மாதிரி இருந்தன.

முதலாளி கயிற்றை அவளுடைய மேஜைமேல் போட்டார். பெட்டியைத் திருப்பி சீலைக் காட்டினார்.

"இது யாரு சீலு?"

"என்னுதுதான்."

"மொட்ட அடிக்க சொல்லோவே சொன்னேன். கேட்டியா? வெரலும் இல்ல, முடியும் இல்ல, இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீறே? திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆளு பாத்துக்கறேன்."

அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். சீலை என்னிடம் கொடுத்ததே தப்பு. அதை அவள் எப்படிச் சொல்வாள்? நான் சொல்லியிருக்கலாம். நான் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். வளையம் விழுகிற சத்தம் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வலது கால் கனக்கிறது.

சனிக்கிழமை அரை நாள். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏதாவது ஓர் இடத்தில் கசப்பு வந்தால் நான் செய்வது அதுதான். பஸ்ஸில் பூந்தமல்லிக்குப் போய், நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டில் ஒரு லாரியை நிறுத்தி ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் யோசனை இல்லை.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே ஒருத்தர் சவுரி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கயிற்றில் வரிசையாகக் கறுப்புக் கற்றைகள் தொங்கின. சாயந்திரக் காற்றில் ஒரே பக்கமாக அசைந்தன. முகம் இல்லாத பத்துப் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. என்னையறியாமல் போய் ஒரு கற்றையைப் பிடித்தேன். கரகரவென்றிருந்தது.

"இன்னா நைனா, சம்சாரத்துக்கா?"

"இல்ல. ஏன் இப்படி வறண்டு கீது?"

"வறண்டுதான் இருக்கணும். எண்ணெ பசை இருந்தா நாறிப்பூடும். சோடால ஊறப்போட்டு, அலசி, நாலு நாளு வெயில்ல காய வச்சது. எண்ணெ இருந்தா சிக்கும் எடுக்க முடியாது, நழுவி நழுவி ஓடும்."

நழுவி நழுவி. நான் கற்றையைப் பிடித்தபடியே நின்றேன். வெள்ளிக்கிழமை, சீயக்காய், பின்வாசல் வெயில், அட்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எண்ணெய் முடி பிசிறின்மேல் வழுக்கிப் போகும். காய்ந்த முடிதான் நிற்கும். நான் அன்றைக்கு வெறும் எண்ணெயைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சவுரியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பருத்திப்பட்டில் ஏரிக்கரையை ஒட்டி இருந்த அவளுடைய வீட்டுக்குப் போனேன். புருஷன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "வா நைனா, குந்து" என்றார். அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓடிட்டேன்னு நெனச்சேன்."

"ஓடித்தான்க்கா போனேன். பூந்தமல்லி வரைக்கும்."

சவுரியை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "எண்ணெ வச்ச முடியப் போட்டியா?"

"நீ சொல்லவே இல்லியே."

"நீயும் கேக்கவே இல்லியே." தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "சொன்னா உனுக்குத் தெரிஞ்சிடும். உனுக்குத் தெரிஞ்சா அவுருக்குத் தெரிஞ்சிடும். சொம்மா ஒரு காஞ்ச முடி போதும்னு தெரிஞ்சா என்னை எதுக்கு வச்சிப்பாரு?"

நான் சவுரியைப் பைக்குள் திரும்பப் போட்டேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அவள் மேல் விழுந்த பழி போகும். அவளை வைத்துக்கொள்ள வேண்டிய காரணமும் அதோடு போகும். ஏரியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. உள்ளே இருந்து சோறு கொதிக்கிற சத்தம் வந்தது. புருஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எடுத்துகினு வா நாளைக்கு," என்றாள் அக்கா. "பாக்கலாம்."

திங்கட்கிழமை முதலாளி முன்னால் போய் நின்று சொன்னேன். மூன்றாம் நாள் சீல் குத்தினது நான், எண்ணெய் முடியில் பார்த்தேன் என்றேன். சவுரியை மேஜைமேல் வைத்தேன். அவர் ஒரு முடியை உருவி, முதல் நாள் பெட்டியிலிருந்து ஒரு வளையம் எடுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் பெட்டியில் பார்த்தார். முடி நின்றது. இன்னும் இழுத்தார். அறுந்தது. அவருடைய முகம் மலர்ந்தது.

"அடச்சீ, இவ்ளோதானா? ஒரு சவுரி! அப்ப இத யாரு வேணா பாக்கலாமே!"

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையை முந்தானைக்குள் சுற்றியிருந்தாள்.

"பாக்கலாம் முதலாளி. பாத்துக் காட்டுங்க. ரெண்டு பொட்டியையும் கலந்து வைங்க."

பேக்கிங் அம்மாள் ஒரு தட்டில் இரண்டு பெட்டியிலிருந்தும் எடுத்துக் கலந்தாள். முப்பது வளையம். முதலாளி பார்த்தார். ஏழு பிசிறு என்றார். என்னைப் பார்க்கச் சொன்னார். நான் எட்டு என்றேன், அதுவும் ஒன்று சந்தேகம்தான்.

அக்கா உட்கார்ந்தாள். ஒரு முடியை உருவினாள். வளையத்தை இடது கையில் பிடித்து, முடியின் நுனியை வலது கையின் பாதி விரல்மேல் போட்டு இழுத்தாள். அந்த விரல் முடிகிற இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக மூடியிருக்கும். குளிர்காலத்தில் அங்கே துணி பட்டாலே அவளுக்குக் கூசும். இத்தனை மாதம் தினமும் பார்த்தும், அவள் முடியை அந்த இடத்தில்தான் இழுக்கிறாள் என்பதை நான் கவனித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஷெட்டில் டிரம் சுற்றுவது மட்டும் கேட்டது. ஆணி ஓட்டை வெயில் ஒன்று அவளுடைய அரும்பு முடித் தலையில் நின்றது. வளையம் வளையமாக எடுத்தாள். நல்லதை இந்தப் பக்கம் வைத்தாள், கெட்டதை அந்தப் பக்கம் வைத்தாள். எனக்கு மறுபடியும் அந்த ஆறு தெரிந்தது. இந்தத் தடவை அது கறுப்பாக இல்லை.

பதினாலு பிசிறு.

முதலாளி தன் மேஜையிலிருந்து பில் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார். பதினாலையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லது என்று அவள் ஒதுக்கிய பதினாறையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூணாம் நாளு பொட்டி எல்லாத்தையும் டிரம்ல போடு. சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும். அப்பறம் இந்தம்மா பாக்கட்டும். ஒண்ணு ஒண்ணா பாக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கெளம்பு."

எனக்கு அதில் வருத்தம் இல்லை. தப்பை ஒத்துக்கொண்டது பெரிய காரியம் என்று நான் நினைத்ததும் இல்லை. போகப்போகிறவன் எதை வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை அந்தப் பெடல் மேல் கால் வைத்திருந்தபோது சொல்லியிருந்தால் அது வேறு.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடைய மேஜையைத் தாண்டிப் போனேன். முதல் பெட்டியை ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னாய்யா, போறியா?"

"போறேன்க்கா."

"சவுரிய உட்டுட்டுப் போ."

"எடுத்துகினு போயி நான் இன்னா பின்னிக்கவா போறேன்?"

பேக்கிங் அம்மாள் சிரித்தாள். அக்கா உதட்டை மடித்துக்கொண்டாள். அடுத்த வளையத்தை எடுத்தாள்.

அன்றைக்கே நசரத்பேட்டையில் லாரி கிடைத்தது. முட்டைக்கோஸ் ஏற்றப் போகிற காலி வண்டி. பின்னால் தார்ப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டேன். காற்றில் சட்டைப் பட்டனில் ஏதோ பறந்தது. சவுரியிலிருந்து ஒரு முடி சுற்றிக்கொண்டு வந்திருந்தது. பேண்ட் மடிப்பை உதறினேன். பெடல் மிதிக்கும்போது அதில் வளையம் சிக்கிக்கொள்ளும்; இரண்டு விழுந்தது. ஒன்றை எடுத்து முடியை உள்ளே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தேன். லாரி குலுங்கியது. நடுவில் எங்கேயோ லேசாக நின்ற மாதிரி இருந்தது. நிற்காத மாதிரியும் இருந்தது. மறுபடி விட்டு இழுத்தேன். வண்டி செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டுகிறவரை இழுத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை.